முதல் மரத்தை வெட்டத் தயங்கலாமா?

வெண்ணெய்ப் பழம் சாப்பிட்டிருக்கிறீர்களா?

கொடைக்கானல், ஏற்காடு, நீலகிரிப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பழம் தெரியும். மலையில் இருப்பவர்கள் "பட்டர் புரூட்" என்பார்கள். பார்ப்பதற்குப் பேரிக்காய் போல இருக்கும். உள்ளே பெரிய கொட்டை. சதை வெண்ணெய் போலக் குழையும். சர்க்கரையும் பாலும் சேர்த்து அடித்துக் குடித்தால் ஒரு வேளைப் பசி தீர்ந்து போகும்.

முன்பு இந்த மரத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற மரம் அது. பழுத்து விழுந்தால் பன்றியும் அணிலும் தின்றன. இப்போது காலம் மாறிவிட்டது. பட்டணத்துக் கடைகளில் நல்ல விலை. அதனால் பலர் புதிதாகக் கன்று நடுகிறார்கள். வெளிநாட்டு ரகம் வேண்டும் என்று தேடி அலைகிறார்கள்.

நடட்டும். நல்லதுதான். ஆனால், நடுகிறவர்கள் ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அமெரிக்காவில், புளோரிடா மாகாணத்தில் நடந்த கதை. நடந்துகொண்டே இருக்கிற கதை.

எள்ளை விடச் சிறிய வண்டு

2002-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணம். அங்கே சவானா என்று ஒரு துறைமுகம். அதன் பக்கத்தில், பூச்சிகளைப் பிடிப்பதற்காக அதிகாரிகள் பொறி வைத்திருந்தார்கள். அந்தப் பொறியில் புதிய வண்டு ஒன்று அகப்பட்டது.

அது எள்ளை விடச் சிறியது. நீளம் 2 மில்லிமீட்டர்தான். அமெரிக்க வண்டு அல்ல, ஆசியா வண்டு. கப்பலில் சாமான் கட்டி வந்த மரப் பெட்டியிலோ, மரக் கட்டையிலோ ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

ஒரு சின்ன வண்டு வந்தால் என்ன என்று கேட்கிறீர்களா?

இந்த வண்டு மரத்தைக் குடையும். ஆனால், மரத்தைத் தின்னாது! குடைந்த வளைக்குள் அது விவசாயம் செய்கிறது. ஆம், விவசாயமேதான். அதன் வாய்க்குப் பக்கத்தில் சின்னப் பை இருக்கிறது. அந்தப் பையில் ஒரு வகைப் பூஞ்சைக் காளானின் விதையைச் சுமந்து வருகிறது. ஊறுகாயில் வெள்ளையாகப் பூக்கிறதே பூசணம், அந்த இனம். வளையின் சுவரில் அதைப் பயிர் செய்கிறது. அது வளர்ந்ததும் தாயும் குஞ்சுகளும் அதைத் தின்று வாழ்கின்றன.

ஆசியாவில் இந்த வண்டால் பெரிய கேடு வந்ததில்லை. செத்த மரத்திலும் சாகப் போகிற மரத்திலும்தான் அது குடியிருந்தது. அங்குள்ள மரங்களுக்கு இந்தப் பூஞ்சையோடு நெடுநாள் பழக்கம். அமெரிக்க மரங்களுக்கு அது முன்பின் தெரியாத விருந்தாளி.

கிணற்றை மூடிய கதை

பூஞ்சை உள்ளே போனதும் என்ன நடக்கிறது தெரியுமா?

மரத்துக்குள் நூல் போன்ற குழாய்கள் இருக்கின்றன. வேர் உறிஞ்சிய தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் இலைக்கு ஏறுகிறது. புதிய பூஞ்சை குழாய்க்குள் வந்ததும் மரம் பயந்து விடுகிறது. அது மேலே பரவக்கூடாது என்று, தானே பிசின் சுரந்து, தன் குழாய்களைத் தானே அடைத்துக் கொள்கிறது.

திருடன் வருவான் என்று பயந்து வீட்டுக் கிணற்றை மண் போட்டு மூடிய கதைதான்! தண்ணீர் இல்லாமல் மரம் வாடுகிறது. சில வாரங்களில் முழு மரமும் பட்டுப் போகிறது. நேற்று வரை காய்த்துக் குலுங்கிய மரம்!

இந்த நோய்க்கு "லாரல் வில்ட்" என்று பெயர் வைத்தார்கள். லாரல் என்பது ஒரு மரக் குடும்பம். நாம் சமையலில் போடுகிறோமே லவங்கப் பட்டை, பிரிஞ்சி இலை - அவையும் அந்தக் குடும்பம்தான். கற்பூர மரமும் அதே குடும்பம். வெண்ணெய்ப் பழமும் அதே குடும்பம்.

முதலில் மடிந்தது காட்டில் இருந்த "ரெட்பே" என்ற மரம். அந்தப் பகுதி மக்கள் அதன் இலையைச் சமையலில் வாசனைக்குப் போடுவார்கள். அந்த மரம் 30 கோடிக்கு மேல் செத்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதை நம்பி வாழ்ந்த ஒரு வகைப் பட்டாம்பூச்சியும் திண்டாடுகிறது.

2005-இல் நோய் புளோரிடாவுக்குள் வந்தது. பிறகு தெற்கே இறங்கியது. தானாக மட்டும் இறங்கவில்லை. மனிதர்கள் விறகை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். விறகுக்குள் வண்டும் போயிற்று. 2012-இல் அது மயாமி-டேட் வட்டாரத்து வெண்ணெய்ப் பழத் தோப்புகளை எட்டியது. அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெண்ணெய்ப் பழ மரங்கள் போய்விட்டன.

அந்த வட்டாரம் கஷ்டத்துக்குப் புதிது அல்ல. 1992-இல் "ஆண்ட்ரூ" என்ற பெரும் புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்தது. சாய்ந்த மரங்களைச் சிலர் நிமிர்த்தி நட்டார்கள். அவை மறுபடியும் துளிர்த்தன. புயல் ஒரு நாளில் போய்விடும். இந்த நோய் போகவில்லை.

வேர் வழியாகப் போகும் நோய்

வண்டைக் கொன்றால் நோய் நின்றுவிடும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். தோப்பில் தேடினார்கள். ஆசியா வண்டு அங்கே அதிகமாக இல்லை! ஆனாலும் மரங்கள் வரிசை வரிசையாகச் செத்தன.

இரண்டு காரணங்களைக் கண்டுபிடித்தார்கள்.

ஒன்று, உள்ளூரிலேயே இருந்த வேறு சில குடை வண்டுகள் இந்தப் பூஞ்சையைச் சுமக்கத் தொடங்கிவிட்டன. வந்தவன் கற்றுக் கொடுத்தான். இருந்தவன் கற்றுக் கொண்டான்.

மற்றொன்று வேர். இதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் மண் ஆழம் கிடையாது. கீழே சுண்ணாம்புப் பாறை. பாறையைக் கீறிப் பள்ளம் எடுத்து, அதில்தான் மரம் நடுகிறார்கள். வேர் ஆழமாகப் போக வழி இல்லை. பள்ளத்தின் வழியே பக்கவாட்டில் ஓடுகிறது. பக்கத்து மரத்தின் வேரைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் இரண்டும் ஒட்டிக் கொள்கின்றன. அப்புறம் இந்த மரத்துத் தண்ணீர் அந்த மரத்துக்குப் போகும். இந்த மரத்து நோயும் அந்த மரத்துக்குப் போகும்.

ஆக, வண்டு ஒரு மரத்தைக் குடைந்தால் போதும். பிறகு வண்டுக்கு வேலையே இல்லை. வேரே நோயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

"இன்னும் காய் இருக்கிறதே!"

ஒரு தோட்டக்காரர் காலையில் தோப்புக்குப் போகிறார். ஒரு மரத்தில் ஒரே ஒரு கிளை வாடி இருக்கிறது. மற்றக் கிளைகள் பச்சை. காய் தொங்குகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே பட்டையைச் சீவிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை மரத்தில் கறுப்பும் நீலமுமாகக் கோடு ஓடினால், துண்டை ஆராய்ச்சிசாலைக்கு அனுப்ப வேண்டும். அந்த நோய்தான் என்று சொல்லிவிட்டால், மரத்தை வேரோடு பிடுங்க வேண்டும். அடிக்கட்டையை விட்டு வைக்கக் கூடாது. கிளை, கட்டை எல்லாவற்றையும் தூளாக அரைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். ரம்பத்தையும் அரிவாளையும் மருந்து போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த மரத்தைத் தொட வேண்டும்.

கேட்பதற்கு எளிது. செய்வதற்கு?

பத்து, பதினைந்து வருஷம் வளர்த்த மரம். பிள்ளை மாதிரி. அந்த மரத்தின் காய் இந்த ஆண்டுப் பள்ளிக்கூடச் சம்பளம். வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள்: "ஒரு கிளைதானே வாடியது! கிளையை மட்டும் வெட்டுங்கள்." "அறுவடை முடியட்டும், பிறகு பார்க்கலாம்." "தண்ணீர் போதவில்லையோ என்னவோ, நன்றாகப் பாய்ச்சிப் பாருங்கள்."

இவர்கள் முட்டாள்கள் அல்ல. மரத்தின் மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனால் அந்தப் பிரியம்தான் தோப்பைக் கொல்கிறது!

கிளை ஒன்று வாடும்போது நோய் கிளையில் மட்டும் இல்லை. அடிமரத்துக்கு வந்தாயிற்று. வேருக்கும் போயிருக்கலாம். கிளையை வெட்டுவது, வீடு தீப்பற்றி எரியும்போது வாசல் தோரணத்தை மட்டும் அவிழ்ப்பது போன்றது. தண்ணீர் பாய்ச்சிப் பயன் இல்லை. குழாய் அடைபட்டு இருக்கிறது. பூச்சி மருந்து தெளித்தும் பயன் குறைவு. வண்டு மரத்துக்குள் இருக்கிறது, மருந்து வெளியே இருக்கிறது.

அறுவடைக்காக ஒரு மாதம் பொறுத்தால் அந்த ஒரு மரத்தின் காய் மிஞ்சும். அந்த ஒரு மாதத்தில் வேர் வழியாகப் பக்கத்து மரங்களுக்கு நோய் போயிருக்கும். பிறகு அவற்றிலும் ஒரு கிளை வாடும். அங்கேயும் "இன்னும் காய் இருக்கிறதே" என்பார்கள்.

சிலர் மரத்தை வெட்டுகிறார்கள். ஆனால் விறகை வேலி ஓரத்தில் அடுக்கி வைக்கிறார்கள். விறகு தானே, விலை வருமே என்று. வண்டுக்கு அதை விட நல்ல சத்திரம் கிடையாது! விறகில் இருந்து கிளம்பிய வண்டு வேலி தாண்டி அடுத்தவன் தோப்புக்குப் போகும்.

ஊசி போடலாமே என்கிறவர்களுக்கு

மரத்துக்கு ஊசி போடும் முறை ஒன்று உண்டு. அடிமரத்தில் துளை போட்டு, "புரோபிகோனசோல்" என்ற பூஞ்சைக்கொல்லியை உள்ளே செலுத்துகிறார்கள். சில டாக்டர்கள் நமக்குத் தடுப்பு ஊசி போடுவது போல. நோய் வரும் முன்னால் போட்டால் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு வரை காப்பாற்றும். வாட ஆரம்பித்த மரத்துக்குப் போட்டுப் பயன் இல்லை.

செலவும் அதிகம். மறுபடி மறுபடி துளை போட்டால் மரத்துக்குக் காயம். நூறு ஏக்கர் வைத்திருப்பவர் போடலாம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? நோய் வந்த மரத்தைச் சுற்றி நிற்கும் நல்ல மரங்களுக்கு ஊசி போடுவது சரி. வெட்ட மனம் வராமல், வெட்டுவதற்குப் பதிலாக ஊசி போடுவது சரி அல்ல. இது என் கருத்து.

கிளைகளைக் குறைத்து, தோப்புக்குள் வெயில் விழும்படி செய்வது நல்ல முறை. இந்த வண்டுகளுக்கு இருட்டும் நிழலும்தான் பிடிக்கும். வெயில் விழும் தோப்பில் அவை குறைவு. இதற்குப் பெரிய செலவு இல்லை. கையில் ரம்பம் இருந்தால் போதும்.

நாய் கூட உதவிக்கு வந்திருக்கிறது! மயாமியில் உள்ள புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தார் நாய்களைப் பழக்கினார்கள். நாய் தோப்பில் மோந்துகொண்டே போகும். நோய் வந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடும். இலை வாடும் முன்பே, மனிதர் கண்ணுக்குத் தெரியும் முன்பே, அதன் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. போலீஸ் நாய் திருடனைப் பிடிப்பதைப் படித்திருக்கிறோம். பூசணத்தைப் பிடிக்கும் நாய் இது!

ஆனால், நாய் உட்கார்ந்து காட்டிய மரம் பச்சைப் பசேல் என்று நிற்கும். அதை வெட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்?

நஷ்டம் யாருக்கு?

இங்கேதான் நியாயம் பேச வேண்டும்.

முதல் மரத்தை வெட்டுகிறவனுக்கு நஷ்டம். ஆனால் லாபம் யாருக்கு? பக்கத்துத் தோப்புக்காரனுக்கு. அதற்கடுத்த தோப்புக்காரனுக்கு. ஊருக்கே லாபம். ஊர் லாபத்துக்காக ஒருவன் மட்டும் தன் மரத்தை இழப்பது எப்படி நியாயம் ஆகும்?

ஆகவே, வெட்டச் சொல்லுகிற ஊர், வெட்டுகிறவனுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். பிடுங்கும் செலவையும் அரைக்கும் செலவையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போன மரத்துக்கு ஒரு கன்றாவது வாங்கித் தர வேண்டும். அப்போதுதான் அவன் மறைக்க மாட்டான். கிளை வாடிய அன்றே வந்து சொல்வான். தண்டனைக்குப் பயந்தால் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருப்பான்.

புளோரிடாவில் வெண்ணெய்ப் பழத்தை வாங்கி விற்கும் வியாபாரிகளிடம், பெட்டிக்கு இவ்வளவு என்று பணம் வசூலிக்கும் முறை இருக்கிறது. அதில் ஒரு பகுதியை இந்த நோய் பற்றிய ஆராய்ச்சிக்குத் தந்திருக்கிறார்கள். நல்ல வழி. பழத்தில் வந்த பணம் மரத்துக்கே போகிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு. தோப்பை வாங்கிப் போட்டுவிட்டு, நிலத்தின் விலை ஏறட்டும் என்று தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். மரம் செத்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அவர்கள் தோப்பில் பட்ட மரம் நிற்கும், வண்டு பெருகும், பாடுபடுகிற பக்கத்துத் தோட்டக்காரன் சாவான். இவர்களிடம் தாட்சண்யம் வேண்டாம். ஊரார் உள்ளே போய் வெட்ட வேண்டும். செலவைச் சொந்தக்காரரிடம் வாங்க வேண்டும்.

நம் மலையில் என்ன?

இதைப் படித்துவிட்டு அரிவாளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடாதீர்கள்! வாடுகிற மரம் எல்லாம் இந்த நோய் அல்ல.

நம் மலைகளில் வெண்ணெய்ப் பழ மரத்துக்கு வேறு ஒரு சத்துரு உண்டு. வேர் அழுகல். இதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் வருவதுதான். தண்ணீர் தேங்குகிற இடத்தில் வரும். இந்த நோய் திடீர் என்று கொல்லாது. இலை சிறுத்து, வெளுத்து, கொட்டும். நுனிக் கிளை காயும். மரம் வருஷக் கணக்கில் இளைக்கும். லாரல் வாடல் அப்படி அல்ல. அதில் இலை திடீர் என்று வாடிக் கருகும். ஆனால் கொட்டாமல் மரத்திலேயே தொங்கும்.

வேர் அழுகலுக்கு வெட்டுவது மருந்து அல்ல. வடிகால்தான் மருந்து. மேடு கட்டி நடுங்கள். சருகும் தழையும் அடிமரத்தைத் தொடாமல் பரப்புங்கள். மழைத் தண்ணீர் நிற்காமல் ஓட வழி செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் "பாஸ்போனேட்" என்ற மருந்தை அடிமரத்தில் ஊசியாகப் போட்டுப் பல தோப்புகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த நோயைத் தாங்கும் வேர்க் கன்றுகளில் ஒட்டுக் கட்டுவதும் உண்டு.

இன்னொரு வாடல் நோய் உண்டு. மண்ணில் வாழும் வேறொரு பூஞ்சையால் வருவது. ஒரு பக்கத்துக் கிளை மட்டும் சட்டென்று வாடும். அந்த நோயிலும் பட்டைக்குள் பழுப்புக் கோடு தெரியும். ஆனால் அந்த மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்! பட்ட கிளையை நீக்கினால் மறுபடி தளிர் விடும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் இதே பூஞ்சை வரும். அவற்றைப் பயிர் செய்த மண்ணில் வெண்ணெய்ப் பழம் நடாமல் இருப்பது நல்லது. ஊடுபயிராகவும் அவற்றைப் போட வேண்டாம்.

ஆகவே கோட்டைக் கண்டதும் வெட்டுவதும் தவறு. சோதனையில் தெரிந்த பிறகும் வெட்டாமல் இருப்பதும் தவறு.

புளோரிடா எங்கோ இருக்கிறது, நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. அந்த வண்டின் பிறந்த ஊர்களில் நம் நாட்டின் வடகிழக்குப் பகுதியும் ஒன்று! பர்மா என்று நம் பெரியவர்கள் சொல்லும் மியான்மரிலும் அந்த வண்டு உண்டு. அந்த நாட்டு வெண்ணெய்ப் பழ மரத்தில் இந்தப் பூஞ்சையைக் கண்டதாக 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து கன்றோ, ஒட்டுக்குச்சியோ கொண்டுவர அனுமதி வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்ட ஆணை அப்படித்தான் சொல்கிறது. "ஒரு குச்சிதானே" என்று துணிப் பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவருவது பெரும் பிழை. சவானாத் துறைமுகத்துக்கு வந்ததும் ஒரு கட்டைதான். வெளியூர் விறகையும் தோப்புப் பக்கம் அடுக்காதீர்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில், தடியன்குடிசை என்ற ஊர் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. "டி.கே.டி. 1" என்ற வெண்ணெய்ப் பழ ரகத்தைத் தந்தது அந்த நிலையம்தான். உங்கள் மரத்தில் ஒரு கிளை திடீர் என்று வாடி, இலை கருகியும் கொட்டாமல் தொங்கினால், பட்டையை உளியால் கொஞ்சம் சீவிப் பாருங்கள். கோடு தெரிந்தால், விரல் தடிமன் உள்ள துண்டு ஒன்று வெட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். உளியைக் கழுவுங்கள். அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மலையில் கடைசிப் பஸ் சீக்கிரம் போய்விடும், காலையிலேயே கிளம்புங்கள்.